அனுப்பியாச்சு... வந்து சேரலையே!

2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை. காபி டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் போன். திருப்பூரில் டிசைன் வேலை பார்க்கும் தம்பி. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு லோகோ போட்டுக் கொடுத்து, கூலியில் ஒரு பங்கை பிட்காயினாக வாங்கிச் சேர்த்துவைப்பவர்.

"ஏனுங்ணா, காசு போச்சுங்ணா."

"எங்கப்பா போச்சு?"

"தெரியலீங்ணா. போன் வாலட்ல இருந்து புது வாலட்டுக்கு அனுப்பிச்சனுங்க. இதுல கழிஞ்சிருச்சு. அதுல ஏறவே இல்லீங். ஒரு மணி நேரமாச்சு."

நாள் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார். அன்று அதிகாலை, நம் நேரப்படி 5.40 வாக்கில் பிட்காயினின் 8,40,000-ஆவது பிளாக் வந்திருந்தது. ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒருமுறை பரிவர்த்தனைகளை பிளாக்கில் ஏற்றும் மைனர்களின் சன்மானம் பாதியாகும் 'ஹாவிங்' அந்த பிளாக்கில்தான். 6.25 பிட்காயின் 3.125 ஆனது. ரூன்ஸ் என்ற புது டோக்கன் முறையும் அதே பிளாக்கில் தொடங்க, முதல் ஆளாக இடம்பிடிக்கப் பெரும் தள்ளுமுள்ளு. அந்த ஒரு பிளாக்கில் வசூலான கட்டணம் மட்டும் 37 பிட்காயினுக்கு மேல். பரிவர்த்தனை அடைக்கும் இடத்தின் அலகான வெர்ச்சுவல் பைட் ஒன்றுக்கு, பிட்காயினின் சில்லறையான சடோஷி ஆயிரத்தையும் தாண்டிக் கட்டணம் போய்க்கொண்டிருந்த வேளையில், நம் தம்பி வாலட்டில் 'சிக்கனம்' என்று போட்டிருந்த பொத்தானை அழுத்தி 12 சடோஷி கட்டியிருந்தார். தீபாவளிக்கு முதல் நாள் ஆம்னி பஸ் நிலையத்தில் நின்று டவுன் பஸ் டிக்கெட் காசை நீட்டிய கதை.

பணம் எங்கேயும் போகவில்லை. வரிசையில் நிற்கிறது. அவ்வளவுதான். ஆனால், அந்த ஒரு மணி நேரத்தில் அவர் இன்னொரு காரியம் செய்திருந்தார். டெலிகிராம் குழு ஒன்றில் "பணம் வரவில்லை, உதவுங்கள்" என்று போட்டிருக்கிறார். இரண்டே நிமிடத்தில் 'வாலட் சப்போர்ட்' என்ற பெயரில் ஒருவர் தனிச்செய்தியில் வந்து, ரொம்பப் பணிவாக, "உங்கள் வாலட்டை சிங்க் பண்ண வேண்டும், 12 வார்த்தைகளையும் அனுப்புங்கள் சார்" என்று கேட்டிருக்கிறார். வாலட்டின் சாவியே அந்த 12 வார்த்தைகள்தான்.

"அனுப்பிட்டியா?"

"மூணு வார்த்தை டைப் பண்ணிட்டனுங்க. அப்பத்தான் உங்க ஞாபகம் வந்துச்சுங்ணா."

பிட்காயின் பற்றி எழுத ஆரம்பித்த நாள் முதல் இப்படிப்பட்ட போன்கள் எனக்கு வந்துகொண்டிருக்கின்றன. கேட்டுக் கேட்டு எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். முதல் மணி நேரத்தில் யாருக்கும் பணம் போவதில்லை. இரண்டாவது மணி நேரத்தில், அதைத் திரும்ப எடுக்கிறேன் என்று இறங்கும்போதுதான் போகிறது. பதறிய காரியம் சிதறும் என்று பாட்டிகள் சொன்னபோது அவர்கள் மனத்தில் பிட்காயின் இருந்திருக்காது. இருந்தாலும், இங்கே அந்தச் சொல் அப்படியே எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. கிளை மேனேஜர் கிடையாது, புகார் நம்பர் கிடையாது, 'ஸ்டாப் பேமென்ட்' கிடையாது. அதனால், எது கோளாறு, எது வெறும் தாமதம் என்று பிரித்துப் பார்க்கும் வேலை நம் தலையில்தான்.

பந்தியும் மொய்யும்

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்திக்கு இத்தனை இலைதான். அது எழுந்த பிறகுதான் அடுத்தது. இந்தப் பந்திதான் பிளாக். வெளியே காத்திருப்பவர்கள் நிற்கும் கூடம்தான் மெம்பூல். ஒரே வித்தியாசம், இந்தக் கல்யாணத்தில் வரிசைப்படி கூப்பிட மாட்டார்கள். யார் கையில் கனமான மொய்க்கவர் இருக்கிறதோ அவருக்கே முதல் இலை.

பத்து நிமிடத்துக்கு ஒரு பந்தி என்பார்கள். அது சராசரி. சில சமயம் ஒரே நிமிடத்தில் இரண்டு பிளாக் வந்து விழும். சில சமயம் ஒரு மணி நேரம் ஒன்றும் வராது. கணக்குப் போட்டால், அப்படி ஒரு மணி நேர வறட்சி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வந்தே தீரும். அந்த நேரத்தில் போய் மாட்டிக்கொண்டவர்தான் "நெட்வொர்க் டவுன்" என்று செய்தி பரப்புவார்.

மொய் எவ்வளவு வைக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். அனுப்பும் தொகைக்கும் கட்டணத்துக்கும் சம்பந்தமே இல்லை. பரிவர்த்தனை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதுதான் கணக்கு. வாலட்டில் 'இருப்பு' என்று ஒரே எண்ணாகக் காட்டினாலும், உள்ளே அது தனித்தனி நோட்டுகளாகத்தான் கிடக்கிறது. ஒரே நோட்டாக வந்த பணத்தை அனுப்பினால், இன்றைய முகவரி முறையில் சுமார் 140 வெர்ச்சுவல் பைட். 20 சடோஷி வீதம் கட்டினால் 2,800 சடோஷி. அதே தொகை ஐம்பது சின்னச் சின்ன வரவுகளாகச் சேர்ந்ததென்றால், ஒவ்வொரு வரவுக்கும் 68 பைட் போல ஏறி, 3,400-ஐத் தாண்டும். கட்டணம் 68,000 சடோஷிக்கு மேல். உண்டியல் சில்லறையை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்தவருக்கு நாலு இலை இடம் வேண்டும் என்பது போல. தினம் தினம் நூறு ரூபாய்க்கு வாங்கித் தன் வாலட்டுக்கு மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கூட்டமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தனை சில்லறையையும் தன் முகவரிக்கே அனுப்பி ஒரே நோட்டாக்கிக்கொள்வது பழகியவர்கள் செய்யும் காரியம். ரொம்பச் சின்னத் தொகையை நெட்வொர்க் ஏற்றே கொள்ளாது. பழைய வகை முகவரிக்கு 546 சடோஷிக்குக் கீழே அனுப்பினால், அதைத் தூசி என்று தள்ளிவிடும்.

சரி, குறைந்த மொய்யுடன் கூடத்தில் நிற்பவர் என்ன செய்வது?

முதலில் பார்க்க வேண்டியது பரிவர்த்தனை எண். வாலட் கொடுக்கும் அந்த 64 எழுத்து நீள எண்ணை ஏதாவது ஒரு பிளாக் எக்ஸ்ப்ளோரரில் போட்டுப் பாருங்கள். 'அன்கன்ஃபர்ம்டு' என்று வந்தால் கூடத்தில் நிற்கிறது. ஒன்றுமே வரவில்லையென்றால் அது உங்கள் வாலட்டை விட்டு வெளியே கிளம்பவே இல்லை, அல்லது கூட்ட நெரிசலில் வெளியே தள்ளப்பட்டுவிட்டது. எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுக்கும்போது 'ப்ராசஸிங்' என்று மட்டும் காட்டி, எண்ணே கொடுக்கவில்லையா? அப்படியானால் சிக்கல் பிட்காயினில் இல்லை, அந்த எக்ஸ்சேஞ்சில். அவர்களைத்தான் கேட்க வேண்டும். 2023 மே மாதம் நெரிசல் மிகுந்தபோது, உலகின் மிகப்பெரிய எக்ஸ்சேஞ்சான பைனான்ஸே ஒரு நாளுக்குள் இரண்டு முறை பிட்காயின் வெளியேற்றத்தை நிறுத்தி வைத்தது.

கூடத்தில்தான் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் இரண்டு வழி. அனுப்பியவர் நீங்கள் என்றால், பழைய மொய்க்கவரைக் கிழித்துப்போட்டு, கனமான கவருடன் அதே பரிவர்த்தனையை மறுபடி அனுப்பலாம். ஆர்.பி.எஃப். என்று பெயர். பெரும்பாலான வாலட்டுகளில் 'கட்டணத்தை உயர்த்து' என்று ஒரு பொத்தான் இருக்கும். வாங்குபவர் நீங்கள் என்றால், இன்னும் வந்து சேராத அந்தப் பணத்தையே நல்ல கட்டணத்துடன் உங்களுடைய இன்னொரு முகவரிக்கு அனுப்புவது. தாத்தாவுக்கு இடம் கிடைத்தால்தான் பேரன் உட்காருவான். பேரன் கையில் பெரிய கவர் இருப்பதைப் பார்த்து இருவரையும் சேர்த்தே கூப்பிட்டுவிடுவார்கள். இதற்கு சி.பி.எஃப்.பி. என்று பெயர்.

இரண்டும் வேண்டாம் என்றால் சும்மா இருக்கலாம். பிட்காயின் கோர் மென்பொருளின் வழக்கமான அமைப்பில், 336 மணி நேரம், அதாவது இரண்டு வாரம் ஏறாத பரிவர்த்தனையை, அந்த மென்பொருளை ஓட்டும் கணினிகளான நோடுகள் மறந்துவிடும். பணம் அனுப்பியவர் வாலட்டிலேயே மறுபடி தெரியும். 'காசு கொடுத்தால் வேகப்படுத்துகிறோம்' என்று தனிச்செய்தியில் வருபவர்களுக்கு பதில் எழுத வேண்டிய அவசியமே வராது.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பெல்லாம் 'இந்தப் பரிவர்த்தனையை மாற்றலாம்' என்று அனுப்புபவர் முன்கூட்டியே குறித்தால்தான் நோடுகள் கவரை மாற்ற விடும். 2024 அக்டோபரில் வந்த பிட்காயின் கோர் 28 பதிப்பிலிருந்து குறித்தாலும் குறிக்காவிட்டாலும் மாற்றலாம் என்பதே வழக்கமான அமைப்பு. மாற்றும்போது பணம் போகும் இடத்தையும் மாற்றலாம். ஆகவே, ஒரு கன்ஃபர்மேஷன்கூட இல்லாமல் 'அனுப்பிட்டேன் பாருங்க' என்று போனைக் காட்டுபவரிடம் சாமானைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

இதிலேயே தம்பிக்கு நேரவிருந்த ஆபத்தும் இருக்கிறது. கூடத்தில் நிற்கும் பரிவர்த்தனை இன்னும் பழைய சாவியின் கட்டுப்பாட்டில்தான். 12 வார்த்தையும் அந்த 'சப்போர்ட்' ஆசாமி கைக்குப் போயிருந்தால், அதிகக் கட்டணம் கட்டி, அதே பணத்தைத் தன் முகவரிக்குத் திருப்பியிருப்பார். அவருக்கும் அதே பொத்தான்தானே!

எழுதப்படாத கட்டணம்

குறைத்துக் கட்டித் தவிப்பவர்கள் ஒரு பக்கம் இருக்க, 2023 செப்டம்பரில் பாக்ஸோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் சுமார் 2,000 டாலர் மதிப்புள்ள பிட்காயினை அனுப்ப 19 பிட்காயினுக்கு மேல் கட்டணம் கட்டியது. ஏறக்குறைய 5 லட்சம் டாலர். அந்த பிளாக்கை எடுத்த எஃப்2பூல் மைனிங் குழு திருப்பிக் கொடுத்துவிட்டது. கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டு மாதம் கழித்து வேறொருவர் ஒரே பரிவர்த்தனையில் 83 பிட்காயினுக்கு மேல் கட்டணமாக விட்டார்.

இப்படி எப்படி நடக்கிறது? பிட்காயின் பரிவர்த்தனையில் 'கட்டணம்' என்று ஒரு கட்டமே கிடையாது. உள்ளே போன நோட்டுகளின் கூட்டுத்தொகை, வெளியே எழுதிய தொகை, இரண்டுக்கும் நடுவே விடுபட்டதெல்லாம் மைனருக்கு. 500 ரூபாய் நோட்டைக் கொடுத்து 20 ரூபாய்க்கு வாழைப்பழம் வாங்கிவிட்டு, மீதிச் சில்லறையைக் கேட்க மறந்து நடந்தால் எப்படி? அதேதான். சாதாரண வாலட்டுகள் மீதியைத் தாமே எழுதிக்கொள்கின்றன. கையால் பரிவர்த்தனை எழுதும்போதும், சொந்த மென்பொருளில் பிழை இருக்கும்போதும்தான் பெரும்பாலும் இந்த விபத்து.

மீதி என்றதும் 2010 ஆகஸ்டில் நடந்தது ஞாபகம் வருகிறது. ஒருவர் 9,000 பிட்காயின் வாங்கினார். அன்றைக்கு அது பெரிய தொகை இல்லை. வாலட் கோப்பை பேக்கப் எடுத்தார். பிறகு, வேலை செய்கிறதா பார்க்கலாமே என்று தன் முகவரிக்கே ஒரு பிட்காயின் அனுப்பினார். பழைய 9,000 நோட்டு உடைந்தது. ஒன்று அவர் முகவரிக்கு வந்தது. மீதி 8,999-ஐ வாலட் தானாகவே ஒரு புது முகவரியை உருவாக்கி அதில் போட்டது. அவர் கணினியை சி.டி.யிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்ததால், அணைத்ததும் அந்தப் புதுச் சாவி அழிந்தது. பேக்கப்பில் இருந்தது பழைய சாவி மட்டும். அந்த 8,999 பிட்காயின் போனது போனதுதான். அவர் செய்த தவறு என்று எதைச் சொல்வது? பேக்கப் எடுத்தார், சோதித்தும் பார்த்தார். நம்மில் எத்தனை பேர் அவ்வளவு செய்கிறோம்!

வாலட்டில் பூஜ்யம்

அந்த விபத்து இன்று நடக்காது. இப்போதைய வாலட்டுகளில் பெரும்பாலானவை எத்தனை முகவரி உருவாக்கினாலும் அத்தனையும் ஒரே 12 அல்லது 24 வார்த்தையிலிருந்துதான் பிறக்கின்றன. அந்த வார்த்தைகள் இருந்தால் எல்லாம் இருக்கிறது. ஆனால், புது போனில் வார்த்தைகளைச் சரியாகப் போட்டும் 'இருப்பு 0' என்று காட்டும்போது வரும் நடுக்கம் இருக்கிறதே...

பெரும்பாலும் அது தப்பான அறையைத் திறந்து பார்ப்பதுதான். ஒரே வார்த்தைகளிலிருந்து பல வகை முகவரிகள் கிளம்புகின்றன. 1 என்று தொடங்கும் பழைய வகை, 3 என்று தொடங்கும் இடைக்கால வகை, பிசி1 என்று தொடங்கும் புது வகை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனி வழி. பழைய வாலட் 3-இல் வைத்திருக்க, புது வாலட் பிசி1-இல் தேடினால் பூஜ்யம்தான் காட்டும். அமைப்புகளில் முகவரி வகையை மாற்றிப் பாருங்கள். எலக்ட்ரம் வாலட்டின் வார்த்தைகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அதன் முறையே தனி. அதை எலக்ட்ரத்திலேயே திறப்பது நல்லது. வார்த்தைகளோடு கூட ஒரு ரகசியச் சொல்லையும் எப்போதோ சேர்த்திருந்தால், அந்தச் சொல்லில் ஒரு எழுத்து மாறினாலும் பிழைச்செய்தி வராது. அமைதியாக வேறொரு காலி வாலட் திறக்கும். இது தெரியாமல் மாதக்கணக்கில் அழுதவர்கள் உண்டு.

வியாபாரிகளுக்கு வரும் சிக்கல் வேறு. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு புது முகவரி கொடுப்பார்கள். அதில் பலர் பணம் போடாமலே போய்விடுவார்கள். வாலட் தேடும்போது வரிசையாக 20 முகவரி காலியாக இருந்தால், 'இதற்கு மேல் ஒன்றும் இல்லை' என்று நின்றுவிடுவது பொதுவான வழக்கம். 21-ஆவதில் கிடக்கும் பணம் கண்ணில் படாது. தேடும் எல்லையை 100, 200 என்று உயர்த்தினால் எழுந்து வரும்.

முழு நோடு வைத்து ஓட்டுபவர்களுக்கு இன்னும் எளிய காரணம்: கணக்குப் புத்தகம் இன்னும் முழுக்க இறங்கவில்லை. 600 ஜி.பி.க்கு மேல் உள்ள பிளாக் சங்கிலியைப் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கினால் நாட்கணக்கு ஆகும். எஸ்.எஸ்.டி.க்கு மாறுங்கள். இடம் இல்லையென்றால், சரிபார்த்த பழைய பிளாக்குகளை அழித்துக்கொண்டே போகும் 'ப்ரூன்' முறை இருக்கிறது.

தப்பான முகவரிக்கு அனுப்பிவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. கைதவறுதலுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். பழைய வகை முகவரியில் பூஜ்யமும் பெரிய ஓ-வும், பெரிய ஐ-யும் சின்ன எல்-லும் பயன்படுத்துவதே இல்லை, ஒன்றை இன்னொன்றாகப் படித்துவிடுவோம் என்பதால். கடைசியில் ஒரு சரிபார்ப்புத் துண்டும் உண்டு. தட்டச்சுப் பிழை அதையும் தாண்டிப் போக 400 கோடியில் ஒரு வாய்ப்புத்தான். ஆனால், நீங்கள் காப்பி செய்த முகவரியை ஒட்டும் நேரத்தில் திருடனின் முகவரியாக மாற்றும் வைரஸ்கள் உண்டு. அது சரியான முகவரிதான், உங்களுடையது மட்டும் இல்லை. ஒட்டிய பிறகு முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்தையாவது ஒப்பிடுங்கள். பெரிய தொகை என்றால் முதலில் ஒரு சின்னத் தொகை.

எவர்சில்வரில் எழுதுங்கள்

அந்த வார்த்தைகளை மறந்தவர்கள், தொலைத்தவர்கள் கதைக்கு வருவோம். ஸ்டெஃபான் தாமஸ் என்பவரிடம் 7,002 பிட்காயின் இருக்கிறது. சாவி ஒரு ஐயன்கீ டிரைவில். கடவுச்சொல் எழுதிய காகிதம் தொலைந்தது. பத்து முறை தப்பாகப் போட்டால் டிரைவ் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். எட்டு முறை போட்டுப் பார்த்தாயிற்று என்று 2021-இல் உலகத்துக்கே தெரிந்தது. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட்டில் ஜேம்ஸ் ஹவெல்ஸின் ஹார்ட் டிஸ்க் 2013-இல் ஊர்க் குப்பைமேட்டுக்குப் போனது. தோண்டிப் பார்க்க அனுமதி கேட்டு நகராட்சியுடன் பல வருடம் மல்லுக்கட்டி, 2025 ஜனவரியில் அவர் வழக்கு தள்ளுபடியானது.

நம் அளவில் வரும் சிக்கல்கள் இவ்வளவு பெரிதல்ல, தீர்க்கவும் முடியும். வார்த்தைப் பட்டியலில் மொத்தம் 2,048 சொற்கள். ஜப்பான், கொரியா, செக் மொழிகளில்கூடப் பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. ஆங்கிலப் பட்டியலில் முதல் நான்கு எழுத்து ஒத்துப்போகும் இரண்டு சொற்கள் கிடையாது. ஆகவே, காகிதத்தில் பாதி அழிந்திருந்தாலும் நான்கு எழுத்து தெரிந்தால் போதும். 'மெடல்', 'மெட்டல்' இரண்டுமே பட்டியலில் உண்டு என்பதால், தமிழில் எழுதிவைத்து உஷாராக இருக்கிறோம் என்று நினைப்பவர்கள் கவனம். 12-இல் ஒரே ஒரு சொல் முழுக்க அழிந்துவிட்டதா? 2,048-ஐயும் போட்டுப் பார்த்தால், உள்ளிருக்கும் சரிபார்ப்பைத் தாண்டி நிற்பவை 128 போலத்தான். ஒரு மாலை நேர வேலை. வரிசை கலைந்துவிட்டதென்றால் 12 சொற்களை அடுக்க 47 கோடியே 90 லட்சம் வழி. மனிதனால் ஆகாது, கணினியால் ஆகும். இணைய இணைப்பைப் பிடுங்கிய கணினியில் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் போய்விட்டால், வீட்டுக் கணினியை நம்பிப் பயனில்லை.

ஐப்பசி மழையில் சுவரே நனையும் ஊரில் பேப்பரை நம்பி இருப்பது எனக்கு உவப்பில்லை. வெளிநாட்டில் இதற்கென்றே இரும்புத் தகடு விற்கிறார்கள். நமக்கு எதற்கு? சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எத்தனை தலைமுறைப் பழக்கம்! தண்ணீரில் அழியாது, அடுப்புச் சூட்டுக்கும் அசையாது. ஆனால், பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் அண்ணாச்சியிடம் கொடுத்து வெட்டச் சொல்லிவிடாதீர்கள். நீங்களே வெட்டுங்கள்.

மொட்டைமாடி மைனர்

மைனிங் பற்றிக் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, இ.பி. பில் எவ்வளவு வருகிறது என்பதைத்தான்.

நண்பர் ஒருவர் பழைய ஆன்ட்மைனர் எஸ்9 ஒன்றை வாங்கி மொட்டைமாடி அறையில் வைத்தார். "ஓடுதுப்பா, ஆனா ஒண்ணும் வர மாட்டேங்குது. ரிப்பேர் பண்ணணுமா?" என்றார். போய்ப் பார்த்தேன். இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. கணக்கில்தான் கோளாறு. அந்தப் பெட்டி நொடிக்கு 13.5 லட்சம் கோடி முறை முயல்கிறது. உலகம் முழுக்க உள்ள பெட்டிகளின் கூட்டு வேகமோ 2025-இல் ஒரு செட்டாஹாஷைத் தாண்டிவிட்டது. ஒன்றுக்குப் பின்னால் 21 பூஜ்யம். நாளொன்றுக்கு மொத்தம் கிடைக்கும் 450 பிட்காயினில் நண்பர் பங்கு சுமார் 600 சடோஷி. ஒரு பிட்காயின் 80 லட்சம் ரூபாய் என்று வைத்தால் 48 ரூபாய். பெட்டி குடிக்கும் மின்சாரம் நாளைக்கு 31 யூனிட். யூனிட் 11 ரூபாய் என்றால் 341 ரூபாய். குழுவில் சேராமல் தனியாகவே ஓட்டி ஒரு முழு பிளாக்கைப் பிடிக்கலாமே என்றால், அதற்கு சராசரியாக 1,400 வருடம். மகேந்திரவர்மப் பல்லவர் ஸ்விட்சைப் போட்டிருந்தால் இப்போது ஒரு பிளாக் விழுந்திருக்கும்.

புதுப் பெட்டியான எஸ்21 கதையும் அதே கணக்கில் பெரிதாக மாறவில்லை. 200 டெராஹாஷ் வேகம், நாளைக்கு 84 யூனிட், 924 ரூபாய் மின்சாரத்துக்கு 720 ரூபாய் வரவு. போதாக்குறைக்கு, மைனிங் பெட்டி வாங்கிய செலவை வருமானத்தில் கழிக்க முடியாது என்று 2022 மார்ச்சில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. பிட்காயினை மைனிங் செய்வதாகச் சொல்லும் மொபைல் ஆப்களைப் பற்றி எழுத எனக்கு இடமும் இல்லை, பொறுமையும் இல்லை.

இதெல்லாம் தெரிந்தும் ஆசைக்கு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு, பெட்டி முரண்டு பிடித்தால் பார்க்க வேண்டியது முதலில் பிளக். எஸ்21 இழுக்கும் 3,500 வாட் என்பது 15 ஆம்பியருக்கு மேல். 16 ஆம்பியர் சாக்கெட்டின் விளிம்பில் இரவும் பகலும் ஓடுகிறது. சாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அடுத்து தூசியும் சூடும். மே மாத மொட்டைமாடியில் இயந்திரம் தானாக நின்றால் அது கோளாறு இல்லை, தற்காப்பு. வேகம் சரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால், உள்ளே இருக்கும் மூன்று ஹாஷ் போர்டில் ஒன்று படுத்துவிட்டது. கேபிளை மாற்றிச் செருகிப் பாருங்கள். பழுது கேபிளோடு நகர்ந்தால் கேபிள், போர்டோடு நின்றால் போர்டு. பெட்டி ஓடியும் குழுக் கணக்கில் ஏறவில்லையென்றால் வொர்க்கர் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோ, குழுவின் குறைந்தபட்சப் பட்டுவாடாத் தொகை சேராததோ. 'ஸ்டேல்' என்று நிறையத் தள்ளுபடியாகிறதா? இன்டர்நெட்தான் காரணம், வைஃபையை விட்டு வயருக்கு மாறுங்கள். வேகம் கூடும் என்று கண்ட இடத்திலிருந்து ஃபர்ம்வேர் இறக்காதீர்கள். 2019-இல் சீனாவில் ஹான்ட் என்ற வைரஸ் எஸ்9 பெட்டிகளுக்குள் புகுந்து, பணம் தராவிட்டால் மின்விசிறியை நிறுத்திப் பெட்டியையே பொசுக்கிவிடுவேன் என்று மிரட்டியது.

போனதென்றால்...

உண்மையாகவே பறிபோயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். உடனே. பணம் ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குள் போயிருந்தால், அங்கே முடக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், முகவரி, அரட்டைப் பதிவு எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். 'மீட்டுத் தருகிறோம்' என்று முன்பணம் கேட்டு வருபவர், பெரும்பாலும் முதலில் திருடியவரின் கூட்டாளி.

எக்ஸ்சேஞ்சில் சிக்கிய காசு வேறு சங்கதி. வசீர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் 2024 ஜூலையில் நடந்த பெரும் திருட்டுக்குப் பிறகு, தன் எக்ஸ்ஆர்பி நாணயங்கள் முடங்கிய ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கிரிப்டோவும் சொத்துதான் என்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தார். லாபத்துக்கு 30 சதவிகித வரி, விற்கும்போது 1 சதவிகித டி.டி.எஸ். என்று 2022 முதல் வாங்கிக்கொண்டிருக்கும் நாட்டில், சொத்து என்ற பெயராவது கிடைத்ததே.

திருப்பூர் தம்பி விஷயம். அன்று காலையே டெலிகிராம் ஆசாமியை பிளாக் செய்யச் சொன்னேன். மூன்று வார்த்தை போயிருந்தாலும் பாதகமில்லை, மீதி ஒன்பதை ஊகிக்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. பணமும் புது வாலட்டுக்குத்தான் போகப்போகிறது, பழைய வார்த்தைகளுக்கு அதோடு வேலையில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மணிக்கொரு தரம் "இன்னும் அன்கன்ஃபர்ம்டுன்னே இருக்குதுங்ணா" என்று செய்தி. திங்கட்கிழமை இரவு கட்டணம் இறங்கியதும், போன் வழியாகவே சொல்லிக்கொடுத்து கவரை மாற்றினோம். அரை மணி நேரத்தில் ஏறியது.

மறு வாரம் ஒரு படம் அனுப்பினார். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப்போட்டு, மேலே ஒரு துண்டை மூடி, பக்கத்தில் எழுத்து வெட்டும் பேனா. சத்தம் கேட்டு வந்த அம்மா, "யாரு வீட்டுக்குடா சீரு?" என்று கேட்டாராம்.

தட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.